பழைய பீனோ வாங்கப் போகிறீர்களா? முதலில் நாயைத் தேடுங்கள்

போன மாசம் எங்கள் தெருத் தம்பி ஒருவர் பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பிளாட்பாரத்தில் வாங்கிய பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அங்கிள், 1955 பீனோ ஆன்யுவல். ரெண்டாயிரம் சொன்னான், ஆயிரத்தி ஐந்நூறுக்கு முடிச்சேன்" என்றார். முகமெல்லாம் பல். பீனோ பத்திரிகை வருஷா வருஷம் போடும் மலர்தான் ஆன்யுவல். இது அசல் அட்டை போய், யாரோ காலிகோ பைண்டு போட்டிருந்த புத்தகம். நான் நாலைந்து பக்கம் தள்ளினேன். சிவப்புக் கறுப்புக் கோடு போட்ட பனியன் பையன், அவன் காலடியில் கறுப்பாக, முள்ளம்பன்றி மாதிரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு நாய்.

"தம்பி, இந்த நாய் பிறந்ததே 1968 ஆகஸ்டுலதான்" என்றேன். பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவைக்கலாம் என்றுதான் இது.

நான் யார் என்றால், காக்ஸ் டவுனில் 27 வருஷம் வாடகை நூலகம் வைத்திருந்தவன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. தமிழுக்கு ஒரு அலமாரி, கன்னடத்துக்கு ஒன்று, மீதியெல்லாம் இங்கிலீஷ். சுற்றிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, டிரங்குப் பெட்டியிலிருந்து கடைசியாக வெளியே வந்தவை இந்தக் காமிக்ஸ்கள்தான். பாத்திரம் பண்டத்தை உறவுக்குக் கொடுப்பார்கள், பியானோவை விற்பார்கள், பீனோவை என்னிடம் கொண்டுவந்து போடுவார்கள். கிலோ கணக்கில்தான் வாங்கினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலில் சரக்கு எது என்று தெரியவேண்டும். பீனோ, ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரிலிருந்து டி.சி. தாம்சன் கம்பெனி போடும் சிரிப்புப் பத்திரிகை. முதல் இதழின் அட்டைத் தேதி ஜூலை 30, 1938. விலை இரண்டு பென்னி, இலவச இணைப்பாக ஒரு முகமூடி. முதல் ஆசிரியர் ஜார்ஜ் மூனி. இதற்கு எட்டு மாசம் மூத்த அண்ணன் ஒன்று உண்டு, அதன் பெயர் டாண்டி. 1937 டிசம்பர் 4-ல் தொடங்கியது. ஊர் டண்டீ, புத்தகம் டாண்டி, குழப்பிக்கொள்ள வேண்டாம். டாண்டி அச்சில் நின்றது 2012-ல், சரியாக எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று. தம்பி பீனோ இன்னும் வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது. 2019 ஆகஸ்டில் 4000-வது இதழ் வந்தது.

பீனோ என்றால் என்ன அர்த்தம் என்று கடைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கால இங்கிலீஷ் பேச்சுவழக்கில் தடபுடலான விருந்து, கும்மாளம் என்று பொருள். இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

டண்டீ பற்றி இன்னொரு சங்கதி. அந்த ஊரை மூன்று பொருளால் சொல்வார்கள்: சணல், ஜாம், பத்திரிகை. சணல் எங்கிருந்து போனது? நம் வங்காளத்திலிருந்து. மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போன நாரைத் திமிங்கில எண்ணெய் விட்டு மிருதுவாக்கி அந்த ஊர் மில்களில் நெய்தார்கள். அவென்யூ ரோட்டில் கோணிச் சாக்கு விரித்து அதன்மேல் பீனோவைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டும் ஒரே ஊர் தொடர்பு என்று எனக்குச் சிரிப்பு வரும். கடைக்காரரிடம் ஒரு தடவை சொன்னேன். "அப்படியா சார், சாக்கும் வேணுமா?" என்றார்.

எங்கே தேடுவது? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் அவென்யூ ரோடு. நிரந்தரக் கடைகள் சாத்தியிருக்கும்போதுதான் பிளாட்பாரம் முழுக்கப் பழைய புத்தகம் விரியும். பாடப் புத்தகக் குவியலை விட்டுவிடுங்கள், குழந்தைப் புத்தகம் என்று மொத்தமாகக் கட்டி வைத்திருப்பதைக் கேளுங்கள். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கும், ஆனால் அங்கே என்ன சரக்கு என்று தெரிந்து விலை போட்டிருப்பார்கள். எனக்கு அதிகம் அகப்பட்டது பழைய பேப்பர்க் கடைகளில்தான். பெங்களூரில் குஜரி என்போமே, அது. குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் பழைய வீடு இடிக்கிறார்கள் என்றால் பக்கத்து குஜரிக் கடைக்காரரிடம் நம்பர் கொடுத்து வையுங்கள். தமிழ், கன்னடம், உருது எதில் பேசினாலும் நடக்கும். மரியாதையாகப் பேசினால் விலையும் குறையும்.

கேட்கும்போது ஒரு விஷயம். பீனோவின் அந்தக் கோடு போட்ட பனியன் பையன் பெயர் டென்னிஸ் த மெனஸ். "டென்னிஸ் த மெனஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர் இங்கிலீஷ் பேப்பரில் வந்த மஞ்சள் முடிப் பொடியனைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அவன் அமெரிக்கன், ஹேங்க் கெச்சம் வரைந்தவன். டண்டீ டென்னிஸ் வேறு. கறுப்புப் பரட்டைத் தலை, கோடு போட்ட ஜெர்சி, முகத்திலேயே வம்பு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் ஒரே நாளில், 1951 மார்ச் 12-ல் வெளியே வந்தவர்கள். ஜோசியர்கள் இந்த ஜாதகத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ! பேரனுக்கு என்று நான் ஆன்லைனில் வரவழைத்த புத்தகக் கட்டிலும் அமெரிக்கப் பொடியன்தான் வந்து இறங்கினான். திருப்பி அனுப்பும் செலவு புத்தக விலையைவிட அதிகம் என்பதால் வீட்டிலேயே கிடக்கிறான்.

இனி காலம் பார்ப்பது. இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

வார இதழ் என்றால் அட்டையிலேயே தேதியும் இதழ் எண்ணும் இருக்கும். அந்தத் தேதி கடைக்கு வந்த நாள் அல்ல, சில நாள் தள்ளிப் போட்டிருப்பார்கள். டென்னிஸ் முதலில் வந்த 452-ம் இதழில் மார்ச் 17 என்று இருக்கும், கடைக்கு வந்தது 12-ம் தேதி. தேதி கிழிந்து எண் மட்டும் மிஞ்சியிருந்தால் மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 327 என்றால் 1948 ஜனவரி. 452 என்றால் 1951 மார்ச். 1678 என்றால் 1974 செப்டம்பர். நடுவில் இருப்பதை வாரம் ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 1949-க்கு முன்னால் அந்தக் கணக்கு உதைக்கும். உலகப் போரில் காகிதம் கிடைக்காமல் 1941-லிருந்து 1949 வரை பீனோவும் டாண்டியும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாறி மாறி வந்தன. பக்கமும் மெலிந்துபோனது. மேஜிக் என்று மூன்றாவதாகத் தொடங்கிய தம்பி காகிதப் பஞ்சத்திலேயே 1941-ல் போய்விட்டான். அந்த வருஷங்களின் பீனோ பிரிட்டனிலேயே குறைவு. படித்து முடித்ததும் பழைய காகிதமாகச் சேகரித்து யுத்த வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பெங்களூரில் யாராவது 1943 பீனோ என்று நீட்டினால் இரண்டு தடவை பாருங்கள். உண்மையாக இருந்தால் பேரம் பேசாதீர்கள்.

எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, ஆனால் அட்டை இருக்கிறது என்றால் அட்டைப் படக் கதையில் யார் என்று பாருங்கள். பிக் எக்கோ என்ற நெருப்புக்கோழி என்றால் 1948 ஜனவரிக்கு முந்தியது. பிஃபோ என்ற கரடி என்றால் அதிலிருந்து 1974 செப்டம்பர் வரை. அதன்பிறகு டென்னிஸ். எக்கோவின் முதல் படத்தில் அவன் தன் முட்டையை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று புலம்புவான், நெருப்புக்கோழி ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தலைப்பில் "பீனோ காமிக்" என்று இரண்டு சொல் இருந்தால் 1950-க்கு முந்தியது, பிறகு வெறும் பீனோ. டாண்டி என்றால் அட்டையில் கார்க்கி என்ற பூனை 1984 வரை உட்கார்ந்திருக்கும்.

விலையையும் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் டி என்ற எழுத்து இருந்தால் பழைய பென்னி, பி என்று இருந்தால் புதிய பென்னி. 1971 பிப்ரவரி 15-ல் பிரிட்டன் மாறியது. நம்மிடம் 1957-ல் அணா போய் நயா பைசா வந்த மாதிரிதான். என் அப்பா சாகும்வரை ஓரணா, ரெண்டணா என்றுதான் கணக்குச் சொல்வார், அவருக்கு இந்தப் பழைய பென்னிக் கணக்கு உடனே புரிந்தது. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன்.

ஆன்யுவல் என்கிற கெட்டி அட்டைப் புத்தகத்தில்தான் வம்பு. கிறிஸ்துமஸ் பரிசுக்காக வருஷா வருஷம் போடுவது. நம் ஊரில் அதிகம் மிஞ்சியிருப்பதும் இதுதான், அட்டை கெட்டி என்பதால் டிரங்குப் பெட்டியில் பிழைத்துக்கொண்டது. அறுபதுகளின் நடுப்பகுதிவரை வந்தவற்றின் அட்டையில் ஆண்டே இருக்காது. வியாபாரி வாயில் வந்த வருஷத்தைச் சொல்வார். ஆண்டு போட ஆரம்பித்த பிறகும் ஒரு விஷயம் உண்டு, 1975 என்று போட்டிருந்தால் அது 1974 கடைசியில் விற்றது. நம் தீபாவளி மலர் மாதிரி அந்த வருஷத்துக்கே போடமாட்டார்கள், வரும் வருஷத்துப் பெயரைத்தான் வைப்பார்கள்.

ஆண்டில்லாத புத்தகத்துக்கு உள்ளே இருக்கும் ஆட்கள்தான் சாட்சி. டென்னிஸ் இருந்தால் 1951-க்குப் பிந்தியது. ரோஜர் த டாட்ஜர் என்கிற தில்லாலங்கடிப் பையனும், மின்னி த மின்க்ஸ் என்ற அடங்காப்பிடாரிப் பெண்ணும் 1953. பாஷ் ஸ்ட்ரீட் வகுப்புப் பட்டாளம் 1954-ல் வேறு தலைப்பில் வந்து, 1956-ல் இந்தப் பெயரைப் பிடித்தது. ஓட்டக்காரன் பில்லி விஸ் 1964. முதலில் சொன்ன அந்த நாய், பெயர் நாஷர், 1968. அது 1986-ல் காணாமல்போய் நாடே தேடிய பிறகு, நிப்பர் என்ற குட்டியோடு திரும்பி வந்தது. ஆக, குட்டி இருந்தால் 1986-க்குப் பிந்தியது. வார இதழ் எல்லாப் பக்கமும் கலராக இருந்தால் 1993-க்கு அப்புறம். படமே அதிகம் இல்லாமல் பத்தி பத்தியாகக் கதை இருந்தால் ஐம்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தியது. ஆள் யாரும் தெரியவில்லை என்றால் லார்ட் ஸ்னூட்டியைத் தேடிப் பயனில்லை, அவன் முதல் இதழிலிருந்து 1991 வரை இருந்தவன்.

ஒரு முன்னெச்சரிக்கை: ஆள் இருப்பது சாட்சி, இல்லாதது சாட்சி அல்ல. ஒரு புத்தகத்தில் நாஷர் இல்லை என்பதால் அது 1968-க்கு முந்தியது ஆகிவிடாது. பக்கம் கிழிந்திருக்கலாம்.

கொஞ்சம் பழகிவிட்டால் ஓவியரின் கைவண்ணத்தை வைத்தே சொல்லலாம். அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனி ஓவியர் பெயரைப் போடவிடாது. முக்கியமான விதிவிலக்கு டட்லி வாட்கின்ஸ், அவர் கையெழுத்துப் போட அனுமதி வாங்கியவர். ஸ்னூட்டி, பிஃபோ, டாண்டியின் டெஸ்பரேட் டான் எல்லாம் அவர் கோடு. 1969-ல் வரைபலகையிலேயே உயிர் போயிற்று. பாஷ் ஸ்ட்ரீட்டையும் மின்னியையும் உண்டாக்கியவர் லியோ பாக்ஸெண்டேல். ஒரு கட்டத்துக்குள் முப்பது விஷமத்தை அடைப்பார், பின்னால் சுவரில் எலி ஒன்று தனிக் கதை நடத்திக்கொண்டிருக்கும். 1962-ல் வேலை பளுவில் களைத்து வெளியேறினார், பிற்பாடு தன் படைப்புக்கு உரிமை கேட்டு வழக்குப் போட்டு 1987-ல் கோர்ட்டுக்கு வெளியே தீர்ந்தது. அவர் விட்ட பாஷ் ஸ்ட்ரீட்டை எடுத்தவர் டேவிட் சதர்லண்ட். எடுத்தவர் 2023-ல் இறக்கும்வரை விடவில்லை. அறுபது வருஷம் ஒரே வகுப்பறை! நம் ஊரில் அப்படி வாத்தியார்கூடக் கிடையாது.

பாக்ஸெண்டேல் கோடு நெருக்கமாக, வியர்வை சொட்டச் சொட்ட இருக்கும். சதர்லண்ட் கோடு தெளிவு, உருண்டை. இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள், அப்புறம் உங்களுக்கே தெரியும்.

விலை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதல் இதழ் 2004-ல் ஏலத்தில் பன்னிரண்டாயிரம் பவுனைத் தாண்டியது என்று படித்துவிட்டுச் சிலர் கண்ணில் டாலரோடு வருகிறார்கள். முதல் இதழுக்கு நகல் அச்சும் உண்டு என்பதை அவர்கள் படிப்பதில்லை. காகிதம் வெள்ளை வெளேர் என்று, வழவழப்பாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஐம்பதுகளில் வாரத்துக்கு ஏறக்குறைய இருபது லட்சம் பிரதி விற்ற பத்திரிகை இது. அறுபது, எழுபதுகளின் ஆன்யுவல் அபூர்வம் ஒன்றுமில்லை. நான் முந்நூறிலிருந்து ஐந்நூறுக்குள் வாங்குவேன். பக்கம் குறைந்தால், வண்ணம் தீட்டும் பக்கத்தில் பிள்ளை கிரேயான் தேய்த்திருந்தால் அதில் பாதி. உள்ளட்டையில் "இந்தப் புத்தகம் யாருடையது" என்ற இடத்தில் பெயரும் கிறிஸ்துமஸ் வருஷமும் எழுதியிருந்தால் சிலர் குறை என்பார்கள். எனக்கு அது கூடுதல். ஆண்டில்லாத புத்தகத்துக்கு ஏதோ ஒரு அத்தை நீல மையில் எழுதிக்கொடுத்த தேதியைவிட நல்ல அத்தாட்சி என்ன வேண்டும்?

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சி ஒன்று உள்ளே இருந்தால் பக்கத்துப் புத்தகமும் போச்சு. ஜிப் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் காகிதம் வேர்க்கும். என் வீட்டுக்காரி இட்லி மாவுக்குப் பக்கத்தில் டென்னிஸைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அது உங்கள் பாடு.

ஸ்டேபிள் பின் துருப்பிடித்திருந்தால் மழுங்கிய கத்தியால் பின்பக்கக் காலை நிமிர்த்தி மெதுவாக எடுத்துவிட்டு, பருத்தி நூலால் அதே ஓட்டையில் இரண்டு தையல் போதும். செல்லோடேப் கூடவே கூடாது, பத்து வருஷத்தில் பழுப்புப் பட்டையாக மாறிக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிடப் பாவம். பைண்டரிடம் கொடுப்பதும் யோசித்துச் செய்யுங்கள். ஒரு சமயம் நாற்பது வார இதழ்களைக் கொடுத்தேன். ஓரம் சமமாக வரவில்லை என்று மூன்று பக்கமும் கத்தி போட்டு வெட்டிக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான். இதழ் எண், விலை, தேதி எல்லாம் தரையில். புது ரெயின்கோட் வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது மையை உறிஞ்சும். பாலிப்ரோப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். நம் ஊர் குளுகுளு என்று பெயர்தானே தவிர, ஜூனிலிருந்து அக்டோபர் வரை சுவரோர அலமாரி நமுத்துப்போகும். சுவரைவிட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள்.

பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது ஒரு தனி வேலை. இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த நமக்கே பீனோ இங்கிலீஷ் முதலில் தடுக்கும். அவரும் பிரிட்டிஷ் சரக்குத்தான், ஆனால் லண்டன்காரர், அளந்து பேசுவார். டண்டீக்காரர்கள் சொல்லையே வளைப்பார்கள். நாஷர் பேசும்போது 'என்' எழுத்தில் தொடங்கும் வார்த்தைக்கு முன்னால் சத்தமில்லாத ஒரு ஜி எழுத்தை ஒட்டுவார்கள். என் பேரன் அதைச் சத்தமாகவே படித்து, வீட்டில் மூன்று நாள் எல்லாவற்றுக்கும் முன்னால் "க்ன" சேர்த்துக்கொண்டிருந்தான். க்னதோசை, க்னபாட்டி.

கதை முடிவில் நல்லது செய்த பிள்ளைக்கு மலை மாதிரி மசித்த உருளைக்கிழங்கு, அதில் கொம்பு மாதிரி குத்திய சாஸேஜ். ஏன் எப்பவும் சாப்பாடே பரிசு என்று பேரன் கேட்டான். பிரிட்டனில் போர் முடிந்தும் 1954 வரை ரேஷன் இருந்தது, மிட்டாய்க்குக்கூட 1953 வரை அளவுதான் என்று சொன்னேன். வயிறு நிறையச் சாப்பிடுவதே கனவாக இருந்த பிள்ளைகளுக்கு வரைந்த படம் அது. பத்திரிகையின் பெயரே விருந்துதானே.

பழைய இதழில் சங்கடமும் உண்டு, மறைக்காதீர்கள். முதல் இதழின் தலைப்போரத்திலேயே தர்பூசணி தின்னும் கறுப்பினப் பையனைக் கேலியாக வரைந்திருக்கிறார்கள். லிட்டில் பிளம் கதையில் செவ்விந்தியர்களைப் பார்க்கும் விதமும் அப்படித்தான். எண்பதுகள் வரை டென்னிஸ் கதை பெரும்பாலும் அப்பா செருப்பால் அடிப்பதில் முடியும். "தாத்தா, உங்களையும் அடிச்சாங்களா?" என்று கேட்டான். பிரம்பு என்றேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

கடைசியாக ரப்பர் ஸ்டாம்ப். நூலக முத்திரை விழுந்த புத்தகம் என்றால் வாங்குபவர்கள் விலையை வெட்டுவார்கள், நியாயம்தான். அதை அழிக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். பிளீச், எரேசர், பிளேடு, எல்லாம் நான் பண்ணிப் பார்த்து ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். அந்த ஊதா முத்திரையைக் குத்தியவனே நான்தான். ஒன்று, பதினேழு, முப்பத்து மூன்று என்று பக்கம் தவறாமல் குத்துவேன், திருடுபோகக்கூடாது என்று. போன வருஷம் அவென்யூ ரோட்டில் ஒரு ஆன்யுவலைப் புரட்டினால் பதினேழாம் பக்கத்தில், மின்னியின் மூக்கு மேலேயே, என் கடைப் பெயர். கீழே பென்சிலில் திருப்ப வேண்டிய தேதி. நானூறு சொன்னார், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். எடுத்துப்போனது யார் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷத் தாமதத்துக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து பைசா வீதம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.